தலைமேல் சத்தியமும் ஜாதிக்காய் லட்டும்

வாயைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருங்கள், இது வாயைப் பற்றிய கதை, கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாக்கில் ஏதாவது தித்தித்தாலோ கசந்தாலோ என்மேல் பழி போடக்கூடாது, பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து முறைக்கவும் கூடாது; நல்லூரணியில் அப்படி முறைத்துத்தான் பாதி வீடுகளில் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள்.

நல்லூரணி லாரிகள் நின்று போகிற ஊர். மிளகாய் வத்தல், பருத்திவிதை, கரிமூட்டை என்று எது ஏற்றி வந்தாலும் ஊர் எல்லையில் இருக்கிற எடைமேடையில் ஏறி நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். அந்த எடைமேடை தவசிக்கனி அண்ணாச்சியுடையது. கண்ணாடி அறைக்குள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்பு எண்களைப் பார்த்து மைக்கில் "போலாம்" என்று சொல்வதுதான் அவருக்கு வேலை, அந்த வேலைக்கு எழுந்திருக்கத் தேவையில்லை, எழுந்தால் அது தின்பதற்காகத்தான் இருக்கும், ஏனென்றால் இடது பக்கம் பிச்சைக்கண்ணுவின் டீக்கடையும் வலது பக்கம் எண்ணெயில் முக்கிப் பொரிக்கிற பரோட்டாக் கடையும் இரண்டு மாமியார் வீடு மாதிரி அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. ஊரில் எடை போடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அண்ணாச்சிதான்.

ஒரு சாயங்காலம் அண்ணாச்சி ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்ற அவர் மனைவி இராஜபுஷ்பம், "இன்னொண்ணு எங்க?" என்றாள். "எது எங்க?" என்றார் அவர். "செருப்புங்க." "ரெண்டும் கால்லதான கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தவர், தன் வலது பாதம் வெறுமையாக, தார் ரோட்டில் தேய்ந்து ரத்தம் கசிந்து, அந்தச் சேதி தனக்கு எட்டாமலேயே நிற்பதைக் கண்டு, வேறு யாருடைய காலோ தன் வீட்டுக்கு வந்துவிட்டதைப்போலப் பார்த்தார்.

அதற்கு அடுத்துத்தான் கல்யாண மண்டபத்தில் சர்க்கரை நோய் முகாம் வந்தது. வெளியூரிலிருந்து வந்த டாக்டரம்மா நல்ல பெண், யாரையும் பயமுறுத்தவில்லை, கால் எடுக்கிற கதையெல்லாம் சொல்லவில்லை. "ஒரேயடியா எதையும் விட வேண்டாம், விட்டா நாலு நாள் இருப்பீங்க, அஞ்சாம் நாள் சேத்து வச்சுச் சாப்பிடுவீங்க. டீயில ரெண்டு கரண்டி சீனின்னா ஒண்ணரை ஆக்குங்க. தட்டுல ஒரு கரண்டி சோத்தைக் குறைச்சு அந்த இடத்துல காயை வைங்க. சாயங்காலம் வடைக்குப் பதிலா சுண்டல். சாப்பிட்டதும் படுக்காம தெருமுனை வரைக்கும் ஒரு நடை. இவ்வளவுதான். செய்யறோம்னு எனக்கு ஒரு சத்தியம் மட்டும் பண்ணிக் குடுங்க."

அங்கேதான் அந்த அம்மா அறியாமல் தவறு செய்தது. நல்லூரணியில் சத்தியம் என்றால் சும்மா வாயால் சொல்வதல்ல, யாராவது ஒருவர் தலைமேல் உள்ளங்கையை வைத்துச் சொல்ல வேண்டும், தன் தலை செல்லாது, பிறத்தியார் தலைதான் வேண்டும், கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே மதம். மண்டபம் முழுக்க ஆண்கள் பெண்டாட்டி தலையையும் பெண்கள் புருஷன் தலையையும் தேடிப் பிடித்தார்கள். கல்யாணம் ஆகாத எபனேசர் கம்பவுண்டருக்குத் தலை கிடைக்கவில்லை, அவர் வெளியே போய்க் கறிக்கடை வாசலில் கட்டியிருந்த ஆட்டின் தலையில் கையை வைத்துச் சொன்னார். தவசிக்கனி அண்ணாச்சி இராஜபுஷ்பத்தின் நடு வகிட்டில் கையை வைத்து, மைக்கில் பேசிப் பழகிய குரலில், "டாக்டரம்மா சொன்னபடி திம்பேன், ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் வாயில போட மாட்டேன், புஷ்பம் தலைமேல சத்தியம்" என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணத்தன்று கூட அவர் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாயில் டீ ருசித்தது. பாலேடு மிதக்கிற, இரண்டு கரண்டி சீனி தாராளமாகப் போட்ட டீ. அவள் டீ குடிக்கிறவளே இல்லை. கையிலிருந்த காயை வைத்துவிட்டு நாக்கைச் சுழற்றிப் பார்த்து, "பிச்சைக்கண்ணு கடைத் தூளு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடியும் நறுக்கத் தொடங்கினாள். முதல் நாள்தானே, போகட்டும் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் உளுந்தவடை வந்தது, மேலே மொறுமொறுவென்று, உள்ளே மிளகு கடிபடுகிற வடை. அதற்கும் போகட்டும் என்றாள்.

ஊரெங்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. ஏன் ஆயிற்று என்று கேட்காதீர்கள், கேட்டவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் என்று யாரும் இல்லை. சத்தியத்தை மீறித் தின்றவன் நாக்கில் என்ன ருசியோ அதே ருசி எவர் தலைமேல் கை வைத்தானோ அவர் நாக்கிலும் அப்படியே இறங்கியது. ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் திடீரென்று ஒருவர் மாற்றி ஒருவர் சப்புக் கொட்டினார்கள். "ஏட்டி, எனக்குப் பஜ்ஜி." "எனக்குச் சால்னா, ஆட்டுக்கறிச் சால்னா." "எனக்கு ரெண்டும் வருதுடி, அந்த மனுசன் எத்தன கடைக்குத்தான் போவாரு!" சர்ச்சில் உபவாச ஜெபத்தில் முழங்காலில் இருந்த ஒரு அம்மாவின் வாயில் கோழி வறுவல் வந்துவிட, அவள் அழுதுகொண்டே போதகரிடம் ஓடினாள், அவர் வேதப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு விழுங்கினால்தான் உபவாசம் முறியும், ருசித்தால் முறியாது என்று தீர்ப்புச் சொன்னார், சஷ்டி விரதத்துக்குப் பூசாரியும் அதையே சொன்னார், அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். கறிக்கடை ஆடு பஜ்ஜி ருசி கண்டபின் தின்னப்போட்ட குழையைத் தொடாமல் நின்றது, நின்று நின்று இளைத்துப்போய் வெட்டுவதற்கே லாயக்கில்லாமல் நெடுநாள் வாழ்ந்தது.

பழகிக்கொள்வதில் நல்லூரணிக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் யாரும் யாரையும் தலையைத் தொட விடுவதில்லை என்று ஆகிவிட்டது. பெண்கள் முக்காடு போட்டார்கள், ஆண்கள் துண்டைக் கட்டிக்கொண்டார்கள், கல்யாண வீடுகளில் பெரியவர்கள் தூரத்தில் நின்று அட்சதையை எறிந்து ஆசீர்வாதம் செய்தார்கள், முடி வெட்டுகிறவர் ஒவ்வொரு தலையையும் தொடுமுன் "நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலை, பண்ணலை, பண்ணலை" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார். அரிசி ஆலை ஆவுடையப்பன் முதலாளி இருக்கிறாரே, பல்லும் போய் இனிப்பும் மறுக்கப்பட்டுப் பல வருஷம் கஞ்சியில் கிடந்தவர், அவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: மூட்டை தூக்குகிற சுடலைமாடனைக் கூப்பிட்டு, "ஏலே, அல்வா திங்க மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு" என்றார். சுடலைமாடன் பண்ணினான். "இப்பப் போயி அல்வா தின்னு." அவன் தின்னத் தின்ன முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "மெல்ல, மெல்ல, முந்திரியக் கடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து ஊரில் வசதியுள்ள நோயாளிகள் எல்லோரும் தலைக்கு ஒரு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சுடலைமாடனால்தான் இன்னொன்றும் தெரிய வந்தது. டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவன் பெருமையடித்தான்: "ஆமா, முதலாளி தலைமேல சத்தியம் பண்ணிட்டு அல்வா தின்னேன், தினமும் திங்கேன்!" அந்த நொடியில் ஆலைக்குள் இருந்த முதலாளியின் நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. அதன்பின் அவன் எவ்வளவு தின்றும் அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. சத்தியத்தை மீறினேன் என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னால் போதும், அந்தக் கட்டு அறுந்துவிடும் என்று ஊருக்குத் தெரிந்தது. அவ்வளவு சுலபமான விடுதலை. அப்படியும் பாருங்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் அதைச் சொன்னவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மீறுவது எளிதாக இருந்தது, மீறினேன் என்று சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

இராஜபுஷ்பம் என்ன செய்தாள் என்றால், ஒன்றும் கேட்காமல் டாக்டரம்மா சொன்னதைச் செய்தாள். பூனை நடக்கிற மாதிரி நடந்தாள். சீனியை ஒரே நாளில் குறைக்கவில்லை, கரண்டியின் தலையைத் தட்டித் தட்டி, அவர் நாக்குக்குத் தெரியாமல் குறைத்தாள். இட்லி மாவில் ஒரு பிடி கேழ்வரகைக் கலந்து, அவர் நிறத்தைக் கண்டுபிடிக்காத அளவுக்கு நிறுத்தி, அடுத்த வாரம் இன்னொரு பிடி கூட்டினாள். தட்டு நிறைந்திருக்க வேண்டும், ஆனால் சோறு குறைந்திருக்க வேண்டும் என்பதற்காகப் புடலங்காய்க் கூட்டை நடுவில் வைத்துச் சோற்றைச் சுற்றிலும் வேலி மாதிரி வைத்தாள். தனக்குச் சர்க்கரையும் கிடையாது ஒன்றும் கிடையாது, ஆனாலும் அவர் எதைக் குறைத்தாரோ அதைத் தானும் குறைத்தாள். பிறந்த வீட்டிலிருந்து வருகிற ஆவக்காய் என்றால் உயிரை விடுகிறவள், அவர் கண்ணில் பட்டால் ஆசைப்படுவாரே என்று ஜாடியோடு தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் இரண்டு பேரும் தெருமுனை வரை நடந்தார்கள். நடக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கையில் அன்று சாயங்காலம் தின்ற பரோட்டாவின் எண்ணெய் மணம் இருக்கும், அவள் நாக்கில் அதன் ருசி இருக்கும், இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் பேசாமல் நடப்பாள்.

ஊர் முழுக்க இந்த விஷயம் தெரிந்தபின் அண்ணாச்சிக்கும் பயம் வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது மெல்லக் கேட்டார்: "ஊர்ல என்னென்னமோ சொல்லுதானுவ, உனக்கு வாய்ல ஏதும் தெரியுதா?"

அவள் அவரைப் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். கேட்டு வாங்குகிற உண்மை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, தானாக ஒரு அடி எடுத்து வைத்தால் மீதியைத் தான் நடந்துவிடலாம் என்று இருந்தாள்.

"ஒண்ணும் தெரியலியே" என்றாள். "எதுக்குக் கேக்கீங்க?"

"சும்மாதான்" என்றார் அவர், முகம் மலர்ந்து. "இன்னைக்குச் சாயங்காலம் சுண்டல்தான் தின்னேன், உன் தலைமேல சத்தியமா" என்று சொல்லி மறுபடியும் அவள் வகிட்டில் கையை வைத்தார். அவள் வாயில் அப்போதும் வாழைக்காய் பஜ்ஜி இருந்தது.

மறுநாள் டீக்கடையில் அண்ணாச்சி சொன்னார், "எங்க வீட்டுக்காரி தலை ஏறாத தலை. சில தலைக்கு ஏறாது. எனக்கு வாய்ச்சது அப்படி." பிச்சைக்கண்ணு சிரித்துக்கொண்டே இன்னொரு வடையைத் தட்டில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஊர் அவளைப் பார்க்கிற பார்வை மாறியது. மீன்காரி கூடையை இறக்கும்போதே, "என்ன மதினி, அண்ணாச்சிக்கு மீனு உண்டா, இல்ல முள்ளு மட்டும்தானா?" என்றாள். சர்ச்சில் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கட்டுன புருஷனப் பட்டினி போட்டா கர்த்தர் கணக்குக் கேப்பாரு புஷ்பம்" என்று காதில் சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பரோட்டாக் கடைக்காரன் கூட, தெருவில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. ஏமாற்றப்பட்டவள் தான்தானே, குற்றம் செய்தவளைப் பார்க்கிற மாதிரி ஏன் பார்க்கிறார்கள் என்று யோசித்து யோசித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் பொங்கி வழிய விட்டாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் அவள் வாயில் அந்த லட்டு வந்தது.

அது கடை லட்டு இல்லை. கடை ருசியெல்லாம் அவளுக்கு இப்போது அத்துப்படி, எந்தக் கடை எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்றுகூடச் சொல்லிவிடுவாள். இது வீட்டு லட்டு. நெய்யில் ரவையைப் பொன்னிறத்துக்கு வறுத்து, திராட்சையை ஊதவிட்டு, எல்லோரும் ஏலக்காய் போடுகிற இடத்தில் ஜாதிக்காயைச் சுரண்டிப் போட்ட லட்டு. நல்லூரணியில் ரவா லட்டுக்கு ஜாதிக்காய் போடுகிற வீடு ஒன்றுதான்: அவள் மதினி, அண்ணாச்சியின் அக்கா ஞானசெல்வியின் வீடு. இராஜபுஷ்பம் அடுப்பை அணைத்துவிட்டு, நாக்கில் லட்டு கரையக் கரைய, இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டின் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். ஜன்னல் திறந்திருந்தது.

"இன்னொண்ணு எடுத்துக்கலே தவசி, எலும்பும் தோலுமா ஆயிட்ட" என்று அக்காவின் குரல் கேட்டது. அண்ணாச்சி அப்போதும் எடைமேடைக்குப் பொருத்தமான ஆளாகத்தான் இருந்தார் என்பது வேறு விஷயம்.

"வீட்டுல என்னத்தக்கா கெடைக்கி. புல்லு, தழை, கூழு. தட்டுல சோத்த எண்ணிப் போடுதா."

"டாக்டரா அப்படிச் சொன்னா?"

"டாக்டரம்மா பாவம், கொஞ்சம் கொறைச்சுக்கோங்கன்னுதான் சொன்னா. இவதான். சிக்கனம். நான் செத்தாலும் அரிசி மிஞ்சணும் அவளுக்கு. கொல்லையில உக்காந்து ஆவக்காய ஜாடியோட திங்கா, எனக்கு உப்பு கெடையாது."

"அம்மா இருந்திருந்தா உன்ன இப்படி விடுவாளாலே" என்று அக்கா மூக்கைச் சிந்தினாள். "ஊர்ல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், தம்பி வந்து கேட்டா இல்லைங்காதீங்கன்னு."

லட்டு இராஜபுஷ்பத்தின் நாக்கில் முழுதாகக் கரைந்து முடிந்தது. இத்தனை நாள் டீயும் வடையும் பரோட்டாவுமாக அவள் வாய்க்குள் வந்துகொண்டிருந்தது அவளுடைய பெயர்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கடையிலும் அதைப் பிட்டுப் பிட்டுப் போட்டுத்தான் அவர் தின்றிருந்தார். டீக்கடை, பரோட்டாக் கடை, மீன்காரி, சர்ச், சொந்தம் எல்லோரும் சேர்ந்து ஒரு பட்டினிக்காரனுக்குச் சோறு போட்ட புண்ணியத்தில் இருந்தார்கள். சீனியைத் தட்டித் தட்டிக் குறைத்த கரண்டியின் சத்தம் ஊரில் யாருக்கும் கேட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவினாள். சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் அவர் பின்னால் போய் நின்று, வழுக்கை தொடங்கியிருந்த அவர் தலையில் உள்ளங்கையை வைத்தாள்.

"என்ன புஷ்பம்?"

"இனிமே நான் பாவக்காயத் தொட மாட்டேன், உங்க தலைமேல சத்தியம்."

அண்ணாச்சிக்குச் சந்தோஷம். இந்தப் பத்தியச் சமையலில் அவளுக்கே சலிப்புத் தட்டிவிட்டது என்று நினைத்தார். "அதான, மனுசன் திங்குறதா அது" என்றார்.

மறுநாளிலிருந்து அவள் முந்தானையில் நறுக்கின பாகற்காய்த் துண்டுகளை முடிந்துவைத்திருந்தாள். விதையோடு, உப்புப் போடாத பச்சைப் பாகற்காய். வாயில் டீ இனித்ததும் ஒரு துண்டு. வடை வந்ததும் ஒரு துண்டு. கண்ணாடி அறைக்குள் அண்ணாச்சி டீயைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார்: "பிச்சைக்கண்ணு, தூளுக்குப் பதிலா வேப்பிலையவா போட்ட?" பரோட்டாக் கடையில் சால்னாவை வாயில் வைத்தவர் துப்பிவிட்டுக் கடைக்காரனோடு சட்டையைப் பிடிக்கிற சண்டைக்குப் போனார். அக்கா வீட்டில் லட்டைக் கடித்ததும் முகம் சுளித்து, "அக்கா, நெய்யி கெட்டுப்போச்சு" என்றார். ஞானசெல்விக்கு வந்ததே கோபம். "என் கையால பண்ணின லட்டு கசக்குதா? உன் பொண்டாட்டி கூழக் குடிச்சுக் குடிச்சு உன் நாக்கு மாடாப் போச்சுலே!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து வேகமாக வீட்டுக்கு வந்தார். அடுப்பங்கரையில் பாகற்காய்க் காம்புகள் குவிந்து கிடந்தன. அவள் அவற்றை மறைக்கவில்லை. கதவுநிலையில் அவரும் அடுப்படியில் அவளுமாக நின்றார்கள்.

"ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

"என்னத்தச் சொல்லணும்?"

"ஒண்ணும் இல்லியா?"

அவர் வாயைத் திறந்தார். அவள் பாகற்காயைத் தின்னுகிறாள் என்று ஊரில் போய்ச் சொன்னால், எப்போது தின்னுகிறாள் என்று கேட்பார்கள். நீர் தின்னுகிறபோது என்றால், அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஏறாத தலை என்று நீர்தானே சொன்னீர் என்று கேட்பார்கள். அப்படியே நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூழு வரைக்கும் ஆவக்காய் வரைக்கும் போய்விடுவார்கள்.

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அன்று ராத்திரி அவர் நடக்க வரவில்லை. அவள் தனியாகத் தெருமுனை வரை போய்விட்டு வந்தாள்.

இப்படியே இரண்டு பேரும் இரண்டு வாயால் நான்கு ருசி தின்றுகொண்டிருந்தபோது ஞானசெல்வியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. சாமியானாப் பந்தல், மாப்பிள்ளை வீட்டார், போதகர், டீக்கடை, பரோட்டாக் கடை, மீன்காரி, ஊரே வந்திருந்தது. அத்தை முறைக்கு வராமல் இருக்க முடியாது என்று இராஜபுஷ்பமும் வந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள், யாரும் அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. ஜெபம் முடிந்து மோதிரம் போட்டு வெற்றிலை மாற்றியானதும், பெண்ணின் தாய்மாமனான அண்ணாச்சிக்கு முதல் தட்டு வந்தது. நடுவில் ஜாதிக்காய் லட்டு, ஆரஞ்சுப்பழம் அளவுக்கு. அவர் அதைப் பார்த்தார், எதிரே பெண்கள் பக்கம் பார்த்தார். இராஜபுஷ்பம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மறைக்காமல், ஒரு பாகற்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

எல்லோரும் பார்க்கிறார்கள். அண்ணாச்சி லட்டைக் கடித்தார். கசப்பு தொண்டைவரை இறங்கிக் கண்ணில் தண்ணீராக வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பதறிப்போய், "என்ன அண்ணாச்சி, கண்ணு கலங்குது?" என்றார்.

இராஜபுஷ்பம் மெல்லுவதை நிறுத்தினாள். இப்போதாவது, என்று நினைத்தாள். இதைவிட நல்ல இடம் கிடையாது, இத்தனை பேர் முன்னால் ஒரே ஒரு வாக்கியம், 'சத்தியத்த மீறிட்டேன், அவ ஒண்ணும் பட்டினி போடல', அவ்வளவுதான், சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்ப் புது மாவு கரைத்துவிடலாம் என்று அவள் அதற்குள் கணக்குக்கூடப் போட்டுவிட்டாள்.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கில் பேசிப் பழகிய குரல் தழுதழுத்தது.

"இப்படி ஒரு வாய் நம்ம வீட்டுல கெடைக்கலியேன்னு நெனச்சேன். கண்ணீரு தானா வந்துட்டு."

பெண்கள் பக்கத்தில் 'ச்சூ' என்று ஒரு சத்தம் எழுந்தது. மீன்காரி திரும்பி இராஜபுஷ்பத்தை நேராகவே பார்த்தாள். ஞானசெல்வி தம்பியின் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

இராஜபுஷ்பம் எழுந்தாள். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, ஆண்கள் பக்கம் நடந்துபோய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷன் தலைமேல் கையை வைத்தாள். பந்தலில் இருந்த ஆண்கள் பாதிப்பேர் தங்கள் தலையைத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள்.

"பாவக்கா திங்க மாட்டேன்னு இவரு தலைமேல சத்தியம் பண்ணினேன்" என்றாள் எல்லோரையும் பார்த்து. "மீறிட்டேன். தினமும் தின்னேன். இவரு ஒளிச்சு வச்சு எதத் தின்னாலும் அது மொதல் நாள்லேருந்து என் வாய்க்கு வந்துச்சு, என் சத்தியத்துக்கு அப்புறம் வந்தப்பல்லாம் பாவக்காயத் தின்னேன். இப்பவும் வாயிலதான் இருக்கு." வாயிலிருந்த சக்கையை எடுத்து எல்லோருக்கும் காட்டி, இலைத் தொட்டியில் எறிந்தாள். "என் கட்ட நான் அறுத்துட்டேன்."

அண்ணாச்சியின் நாக்கிலிருந்து கசப்பு சட்டென்று விலகியது, அது விலகியதை அவர் முகத்தில் எல்லோரும் கண்டார்கள்.

பின்னால் எங்கோ ஒரு தட்டுக் கீழே விழுந்தது. பிச்சைக்கண்ணுதான் முதலில் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, ஏறாத தலைன்னு சொன்னீங்களே." பரோட்டாக் கடைக்காரன், "கூழுன்னீங்களே" என்றான். போதகர் எழுந்து நின்று, மிக மென்மையாக, "தவசிக்கனி, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஒரே வார்த்தை. அந்த அம்மா வாய விட்டுருங்க" என்றார். ஞானசெல்வியின் கை தம்பியின் தோளிலிருந்து கீழே இறங்கியது. இராஜபுஷ்பம் அவர் முன்னால் நின்றாள், கை இன்னும் அவர் தலைமேல் இருந்தது, எடுக்க மறந்துபோயிருந்தாள். அவர் உதடுகள் பிரிவதையும், அவற்றுக்கு நடுவில் சொல் வரப்போவதுபோல நாக்கு அசைவதையும் அவள் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சு இதெல்லாம்" என்றார் தவசிக்கனி அண்ணாச்சி. "எல்லாரும் சாப்பிடுங்க, ஆறுது."

குனிந்து, கடித்து வைத்திருந்த லட்டை எடுத்து, மீதி முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டார்.

இராஜபுஷ்பத்தின் வாயெல்லாம் தித்தித்தது.